மேல் வீட்டு உரலும் மெல்லிய சுவரும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வந்தால் கல்முனை. பஸ்ஸில் வருபவருக்கு ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாலை கட்டியது போல ஒன்றை அடுத்து ஒன்று வரும். கிழக்கே கடல். மேற்கே வயல். நடுவில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டில்தான் இத்தனை சனமும் இருக்கிறது. ஒரு வளவை இரண்டாக, இரண்டை நான்காகப் பிரித்து, இனிப் பிரிக்க இடமில்லை என்ற நிலையில்தான் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை கடல் வந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எமது அம்பாறை மாவட்டமே.

அதன் பிறகு கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. வடக்கு, கிழக்கில் 200 மீற்றர், தெற்கு, மேற்கில் 100 மீற்றர் என்றார்கள். பிறகு அதைக் குறைத்தார்கள். மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்று ஓர் இடத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது. அளவுகோல் ஊர்ப் பெயராகிப் போன கதை வேறெங்கும் உண்டோ தெரியாது! காணி இல்லாத ஊரில் வீடு இழந்தவர்களை எங்கே வைப்பது? மேலே மேலே அடுக்குவதுதான் வழி. இப்படித்தான் வளவும் கிணறும் கிடுகு வேலியுமாக வாழ்ந்த எமது பெண்கள் மாடி வீட்டுக்கு ஏறினார்கள்.

நான் அப்போது பாடசாலை மாணவி. சமூகவியல் படித்து, கள உத்தியோகத்தராக இந்தக் கடற்கரை முழுக்க அலைந்த பிறகு, இரண்டு வருடங்களுக்கு முன்னர் உம்மாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு அப்படியொரு மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வந்தேன். எந்தக் குடியிருப்பு என்று சொல்லப் போவதில்லை. அங்குள்ளவர்களின் வீட்டுக் கதைகள் இதில் வருகின்றன. சில விபரங்களை அதற்காகவே மாற்றியும் இருக்கிறேன். எங்களுக்குக் கிடைத்தது நடு மாடி. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், பக்கத்தில் ஒரு குடும்பம்.

முதல் நாள் இரவே விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் என் மகன் “யா அல்லாஹ், தண்ணி குடிங்க” என்று இங்கிருந்து சொல்லுகிறான். மேல் வீட்டில் கதிரையை இழுத்தால் எங்கள் தலையில் இழுப்பது போல இருக்கிறது. எந்த வீட்டில் மீன் பொரிக்கிறார்கள் என்பது மூக்குக்குத் தெரியும் முன்னமே காதுக்குத் தெரிந்துவிடும். கட்டும்போது புதுசு, பளபளப்பு, எல்லோருக்கும் சந்தோஷம். சத்தத்தைப் பற்றி அன்றைக்கு யார் நினைத்தார்கள்? தகரக் கொட்டிலிலும் கூடாரத்திலும் ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்தவர்களுக்குச் சுவர் என்று ஒன்று இருந்ததே போதுமாக இருந்தது.

இந்தக் குடியிருப்பில் பெண்கள் கதைக்கும் விதமே மாறிப்போயிருப்பதைக் கவனித்தேன். எல்லோரும் குசுகுசுவென்றுதான் கதைக்கிறார்கள். கணவன்மார் கட்டாரிலும் சவூதியிலும். தொலைபேசி வந்தால் பெண்கள் மொட்டைமாடிக்கு ஏறுகிறார்கள். மாலையில் மேலே போய்ப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்கு ஒருவர், கொடிக் கயிற்றுக்கு ஒருவர் என்று முக்காட்டுக்குள் தொலைபேசியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். காற்று அவர்களுடைய பேச்சைக் கடல் பக்கம் கொண்டுபோய்விடும். சொந்த வீட்டுக்குள் சொந்தப் புருஷனோடு கதைக்க முடியாத வீடு! ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசி, சீதனத்தில் இழுபறிப்பட்டு, அது குழம்பியது அத்தனையும் படிக்கட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு மாதம் வெளியில் இறங்கவில்லை. இன்னொருவர் கணவன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தபோது, இரவில் அவர் அழுவது மூன்று வீட்டுக்குக் கேட்டது. யாரும் சொல்லாமலே அந்தப் படிக்கட்டில் எல்லோரும் ரீவியைக் குறைத்து வைத்தார்களாம். எனக்கு முன்னர் நடந்தது, கீழ் வீட்டு மாமி சொன்னா.

எங்கள் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு சமூகத்திலும் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு தங்கச்சிமாரோடு ஒதுங்குவார்கள். 1970 ஆம் ஆண்டையொட்டி அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் அதை ஆங்கிலத்தில் வாசித்தபோது, எங்கள் வாழ்க்கையை இத்தனை பெரிய சொற்களில் சொல்லலாமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு வளவில் சத்தம் இருக்கவில்லையா? நிறைய இருந்தது. ஆனால் அது ராத்தாவின் சத்தம், உம்மாவின் சத்தம், சாச்சியின் சத்தம். நடுவில் மணல் முற்றம், மாமரம், கிணறு. மாடி வீட்டில் மேலே இருப்பவர் யாரென்றே தெரியாது. குலுக்கல் சீட்டில் வந்தவர்கள். வீடுகளைக் கொடுத்தபோது ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண்களின் பெயரைப் பதிந்த இடங்களும் உண்டு. பெண்ணின் பெயரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. திரும்பி வந்த வீடு பல குடும்பங்களில் பெண்ணின் பெயரில் வரவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்லாமல் போகவும் மனமில்லை.

மருதமுனையை எடுங்கள். நெசவுக்குப் பேர்போன ஊர். தறிச் சத்தம் கேட்காவிட்டால் அங்கே பழையவர்களுக்கு நித்திரை வராது என்பார்கள். ஒரு கைத்தறியை மாடி வீட்டுக்குள் வைத்தால் என்னவாகும்? சத்தம் தொழிலாக இருந்த ஊரில், சத்தம் குற்றமாகிவிடுகிறது.

இனி உம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விடியற்காலை மூன்று மணிக்கு மேலே ‘தும்… தும்… தும்…’ என்று தொடங்கியது. கட்டில் கால் அதிர்ந்தது. நான் திடுக்கிட்டு எழும்பிப் பார்த்தால் உம்மா ஏற்கெனவே எழும்பி, முக்காட்டைப் போட்டு, அடையாள அட்டை வைத்திருக்கும் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவடியில் நிற்கிறா. “புள்ளயத் தூக்கு” என்றா. அவ்வளவுதான். சுனாமி அன்று உம்மா முதலில் கேட்டது கடலை அல்ல, முன் மதில் விழுந்த சத்தத்தைத்தான். என் தங்கச்சியை அன்றைக்கு இழந்தோம். அதற்கு முன்னர் 1990 இன் இரவுகள் இருந்தன. அந்த இரவுகளில் எது சத்தம், எது அபாயம் என்று பிரித்தறிந்துதான் இரு சமூகத்துப் பெண்களும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடித்தபோது அந்தக் காது மறுபடியும் விழித்துக்கொண்டது. நித்திரையிலும் காது மூடுவதில்லை. பேரழிவைக் கண்டவர்களின் உடம்பு, சத்தத்தை மூளை விளங்கிக்கொள்ளும் முன்னமே எழுந்து நின்றுவிடும். உளவளத்துணைப் பயிற்சியில் நான் இதைப் படித்தும் இருக்கிறேன், பிறருக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் என் உம்மா மூன்று மணிக்குப் பையோடு கதவடியில் நின்றபோது படித்தது எதுவும் உதவவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே பை, அதே கதவடி. எட்டாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, தும்புத்தடியின் பிடியால் மேல் தட்டில் நாலைந்து தரம் ஓங்கிக் குத்தினேன். சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சந்தியிலுள்ள கடைக்கு இடியப்பம் வாங்கப் போனால் “இடிச்ச மா வரல்ல, அந்த மனிசிக்கு ஏதோ சுகமில்லையாம்” என்றார் கடைக்காரர். எந்த மனிசி என்று கேட்டேன். எங்கள் மேல் வீடு.

போரில் கணவரை இழந்த பெண் அவர். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பது அந்த உரல்தான். மில்லில் அரைத்த மாவில் பிட்டு சரிவராது என்று சொல்லும் வாடிக்கைக்காரர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடியுமுன் மா வேண்டும். பெண்களின் வாழ்வாதாரம் பற்றி ஊர் ஊராகக் கூட்டம் நடத்தும் நான், ஒரு பெண்ணின் மூன்று நாள் வருமானத்தைத் தும்புத்தடியால் நிறுத்தியிருக்கிறேன். அன்று பின்னேரம் உம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன்.

கதவைத் திறந்தவுடன் அவர் பயந்துவிட்டார். நான் வாய் திறக்குமுன் “இனி இடிக்க மாட்டன் தங்கச்சி” என்றார். உம்மா முந்திக்கொண்டு, “இடிக்காம என்னத்தத் தின்னுற? இடி கிளி. ஆனா எங்க இடிக்கிறண்டு காட்டு” என்றா. உரல் எங்கள் படுக்கை அறைக்கு நேர் மேலே, அறையின் நட்ட நடுவில், வெறும் சீமெந்துத் தரையில் இருந்தது.

இந்த இடத்தில் சத்தம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டதால்தான் எங்களுக்கு வழி பிறந்தது. சத்தம் இரண்டு வகை. பேச்சு, அழுகை, ரீவி இவை காற்றில் வருபவை. இவற்றைத் தடுப்பது பாரமும் அடைப்பும். சுவர் எவ்வளவு பாரமோ அவ்வளவு நல்லது. உள்ளே பொந்துள்ள புளொக் கல்லில் கட்டி, ஒரு பக்கம் சாந்து பூசாமல் விட்டால், கல்லின் நுண்ணிய துளைகள் வழியாகவே பேச்சு போய்விடும். இரு பக்கமும் நன்றாகப் பூசினால் வித்தியாசம் தெரியும். ஆனால் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே எவ்வளவு தடித்த சுவரும் தோற்றுவிடும். கதவின் அடி, வயர் போகும் துளை, சுவருக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் மேசன் விட்ட கீறல் இவைதான் கள்ள வழிகள். காற்றுக்கென்று வைத்த துளைக் கற்களும் அப்படித்தான். அவற்றை அடைத்தால் இந்தக் கடற்கரை வெக்கையில் அவிந்துபோவோம். அதனால் பக்கத்து வீட்டை நோக்கிய துளைகளை மட்டும் அடைத்தோம், கடல் பக்கத்தைத் திறந்தே வைத்தோம். சிலர் முட்டை மட்டைகளையும் பஞ்சையும் சுவரில் ஒட்டுகிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சுவரைத் தாண்டும் சத்தத்தை நிறுத்தாது. காசை வீணாக்காதீர்கள். பக்கத்துச் சுவரோடு துணி நிறைந்த அலுமாரியை வைப்பது அதைவிடப் பிரயோசனம்.

இரண்டாவது வகை, அடி விழுந்து வருவது. காலடி, கதிரை, உரல். இது காற்றில் வருவதில்லை, கொங்கிறீட்டுக்குள்ளால் வருகிறது. கொங்கிறீட் இதற்கு நல்ல பறை. கீழ் வீட்டில் என்ன ஒட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. அடி விழும் இடத்திலேயே, மேலேயே மெத்தென்று ஒன்றை வைக்க வேண்டும். கீழே இருப்பவர் கஷ்டப்படுகிறார், மருந்து மேலே இருப்பவரின் கையில் இருக்கிறது. தென்கொரியாவில் பெரும்பாலானோர் அடுக்குமாடியில் வாழ்கிறார்கள். அங்கே மாடிகளுக்கு இடையிலான சத்தம் கொலை வரை போயிருக்கிறது. தரைத் தட்டு 210 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தும் தீராமல், அயலவர் சண்டையைத் தீர்க்கவென்றே 2012 இல் அரசு ஒரு நிலையம் திறந்தது. எங்கள் நாட்டில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஒலிபெருக்கிக்குத் தீர்ப்பு உண்டு, உரலுக்கு நாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலில் உரலின் கீழே பன்பாயை நாலாக மடித்து வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. உம்மா அன்றும் கதவடியில். அடுத்து உரலை அறையின் நடுவிலிருந்து எடுத்து, குசினி மூலையில், தூண் பக்கமாக வைத்தோம். தட்டின் நடுப்பகுதிதான் கூட அதிரும். தூணுக்குப் பக்கத்தில் அது இறுகி இருக்கும். இது கொஞ்சம் கேட்டது. பிறகு டயர் கடையில் கழித்துப் போட்ட லொறி டயரை வெட்டி நாலு துண்டு வாங்கி வந்தேன். டயர்த் துண்டு, அதன் மேல் தடித்த பலகை, பலகைக்கு மேல் மரத்தூள் நிரப்பிய சாக்கு, அதன் மேல் உரல். முதல் நாள் உரல் ஒரு பக்கம் சரிந்து அரிசி கொட்டுப்பட்டது. ராத்தாவுக்குச் சிரிப்பு, எனக்கு வெட்கம். சாக்கை எடுத்துவிட்டு, இன்னொரு அடுக்கு டயரைப் போட்ட பிறகு உரல் ஆடாமல் நின்றது. கீழே வந்து கேட்டோம். ‘தும்’ போய், எங்கோ தூரத்தில் யாரோ கட்டிலில் திரும்பிப் படுப்பது போல ஒன்று மிஞ்சியிருந்தது. உம்மாவின் கட்டிலையும் பின் அறைக்கு மாற்றினோம். மொத்தச் செலவு ஒரு நாள் மாவின் காசைவிடக் குறைவு.

ஆனாலும் உம்மா விழித்தா. சத்தம் சிறிதானாலும் அது திடீரென்று வருகிறதே! அதற்கு வழி சொன்னது ராத்தாதான். இடிக்கத் தொடங்குமுன், மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஓடும் தண்ணீர்க் குழாயில் கரண்டியால் மெதுவாக மூன்று தட்டு. “நான்தான்” என்று அர்த்தம். குழாய் அந்தச் சத்தத்தை நேரே எங்கள் குசினிக்குக் கொண்டு வரும். முதல் சில நாள் உம்மா எழும்பி உட்கார்ந்தா, பையை எடுக்கவில்லை. பிறகு படுத்தபடியே “ம்” என்றா. இப்போது சில நாள் விழிப்பதேயில்லை.

பக்கத்துச் சுவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை நான் இன்னும் முழுதாக அடைக்கவில்லை. காரணம் இருக்கிறது. ஓர் இரவு அங்கே அடி விழுந்தது. அடி என்றால் அடிதான். பெண்ணின் குரல் அடங்கி அடங்கி வந்தது, வெளியில் கேட்டுவிடக் கூடாதென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வது? கேட்காதது போல் கிடப்பதுதான் மாடி வீட்டு மரியாதை என்று எல்லோரும் பழகியிருக்கிறார்கள். நான் சுவரில் தட்டினேன். அடி நின்றது. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி நிற்காது, தட்டியதற்காகவே பிறகு கூட அடி விழுந்த வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். அதனால் அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு அந்தத் தங்கச்சியிடம் தனியாகப் போனேன். கேட்டுவிட்டதே என்றுதான் முதலில் அழுதாள், அடி வாங்கியதற்கு அல்ல. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம் வரை செல்லும் என்று சொன்னேன். 1938 என்ற பெண்களுக்கான தொலைபேசி இலக்கத்தை அரிசி டின்னின் அடியில் எழுதி ஒட்டினோம். வழக்குக்குப் போவதா இல்லையா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அது அவளுடைய முடிவு. இப்போதைக்கு, அவள் தட்டினால் நான் கதவைத் தட்டுவேன், கீழ் வீட்டு மாமியும் வருவா என்று பேசி வைத்திருக்கிறோம். அந்த மூலையில் இருந்த அலுமாரியை நகர்த்திவிட்டேன். அவர்களின் இருமலும் ரீவியும் இனி எனக்குக் கேட்கட்டும்.

மொட்டைமாடிக் கூட்டத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. படிக்கட்டுப் பெண்கள் கூடி, பின்னேரம் ஐந்து தொடக்கம் ஆறு வரை பிள்ளைகளை மேலே விடுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த ஒரு மணித்தியாலம் தொலைபேசிக்காரருக்கு. கழிவுக் குழாயின் சத்தத்துக்குத்தான் இன்னும் வழி இல்லை. மேலே தண்ணீர் ஊற்றினால் எங்கள் சுவருக்குள் ஆறு ஓடுகிறது. குழாயைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்துத் தும்பு அடைக்கலாம் என்று தச்சர் சொல்கிறார், கேட்கும் கூலிதான் கையைக் கடிக்கிறது.

முந்தாநாள் மூன்று மணிக்குக் குழாயில் தட்டு வரவில்லை. மூன்றரைக்கு உம்மா என்னை எழுப்பி, “மேல போய்ப் பாரு புள்ள” என்றா. போனேன். ராத்தாவுக்குக் கடும் காய்ச்சல். ஊற வைத்து வடித்த அரிசி சுளகில் அப்படியே இருந்தது. உம்மா பின்னால் ஏறி வந்து, முக்காட்டை இறுக்கிக்கொண்டு உலக்கையைப் பார்த்தா. நாலு சுண்டு அரிசியை இருவரும் மாறி மாறி இடித்து முடித்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. கடைக்கு மாவைக் கொண்டுபோனது என் மகன்.